உதிரிப்பாகம் வரவில்லை

குசினிக் குழாய் கசியத் தொடங்கிப் பதினேழு நாள்.
வீட்டுக்காரிக்கு நான் அறிவிக்கவில்லை.
அறிவித்தது கீழ்மாடி:
இரவெல்லாம் டொக் டொக்கென்று
சுவருக்குள் யாரோ நடக்கிறார்களாம்.

டயாலிசிஸ் வார்டில் பகல் முழுக்கச்
சொட்டு எண்ணிவிட்டு வருகிறவள் நான்.
வீட்டிலும் அதைத்தானா எண்ணுகிறாய் என்றாள்
தொலைபேசியில் சுகிர்தா.
எண்ணவில்லையடி, பார்க்கிறன்.

கேக் சுடும் தட்டில் தண்ணீர்,
தட்டுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு டப்பா மூடி.
துளி விழும் இடத்தில் முதலில்
கம்பியில் குத்திய ஒரு கராம்பை நிறுத்தவேண்டும்.
அதன் தலை முள்முள்ளாய்த் தெளிந்ததும்
எடுத்துவிடவேண்டும்.
இல்லாத கராம்பை லென்ஸ்
இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது பாதி வித்தை.
மீதி இருட்டு.

விளக்கை அணைத்துவிட்டு
கமராவின் கண்ணை இரண்டு வினாடி திறந்து வைக்கிறேன்.
இருட்டில் எதுவும் பதியாது.
பிளாஷ் மட்டும்தான் எழுதும்,
அதுவும் ஆகக் குறைந்த பலத்தில்,
வினாடியை இருபதாயிரமாய்க் கிழித்த ஒரு கீற்றில்.
துளி விழுந்து தண்ணீர் குழிந்து
குழிக்குள்ளிருந்து ஒரு தண்டு எழும்பும்.
அதன் உச்சியில் அடுத்த துளி வந்து மோதினால்
குடை.
மோதாவிட்டால் ஈரம்.

தொள்ளாயிரத்துச் சொச்சம் ஈரம் வைத்திருக்கிறேன்.

மருந்துக்கடையில் கிளிசரின் கேட்டபோது
எதற்கென்று விசாரித்தாள் அந்தப் பிள்ளை.
தட்டிலிருக்கும் தண்ணீருக்குக்
கொஞ்சம் சோம்பல் பழக்க
என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை.
கைக்கு என்றேன்.

வியாழன் பத்து மணிக்கு
ஹெர் டோர்ன்சைஃப் வந்தார்,
சப்பாத்துக்கு நீல உறை மாட்டி.
குழாய் மூக்குக்கு இரண்டு விரற்கடை தள்ளி
முக்காலியில் நின்ற கமராவைக் கண்டு
வழக்குக்குச் சாட்சியா என்றார்.
வடிவுக்கு என்று தமிழில்தான் வாயில் வந்தது.
ஒரு நிமிடம் பொறுங்கள் என்று கையால் காட்டினேன்.

பகலில் விழும் துளியை நான் தொடுவதில்லை.
விழ மனமில்லாமல் குழாயில் தொங்கி
வயிறு பெருத்துக்கொண்டிருக்கிறதே,
அதுதான் பகலுக்கு.

எங்கள் ஃபோவிங்கல் தெருவில்
ரயில் ஓடுவதில்லை, தொங்கும்.
மேலே இருக்கும் இரும்புப் பாதையைப் பற்றிக்கொண்டு
இரண்டாம் மாடி ஜன்னல்களை உரசுமாப்போல போகும்.
வூப்பெர்டாலுக்கு மழையும் அதுவும்தான் அடையாளம்.
அது வரும்வரை நாங்கள் இருவரும் மூச்சை அடக்கினோம்.
துளியும் அடக்கியது.
கண்ணாடிகள் அதிர்ந்தன. அமுக்கினேன்.

திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.
துளிக்குள் ஜன்னல் தலைகீழ்,
ஜன்னலோரத்து வெங்காயத்தாள் தலைகீழ்,
எதிர்வீட்டுக் கூரை கீழே, மேகம் அதற்கும் கீழே.
நடுவில் ரயில் மட்டும்
தொங்கவில்லை.
பாதைமேல் சக்கரம் ஊன்றி
ஊருலகத்து ரயில்களைப் போல
நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது.

அவர் பிறந்தது இதே தெருவில்.
பள்ளிக்கூடத்துக்கும் மனைவியின் பிரசவத்துக்கும்
அதில் தொங்கியே போனவர்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்,
கழுத்தைச் சரித்தும் பார்த்தார்.
பிறகு, நாங்கள் 'அட, பாருங்கோவன்' என்போமே,
அதற்கு அவர்களிடம் உள்ள சொல்லைச்
சொன்னார், மெதுவாக.

திறந்த பெட்டிக்குள்
புது வாஷர் உறை பிரியாமல் மினுங்கியது.
இருவரும் அதைக் காணவில்லை.
படிவத்தில் எழுதினார்:
உதிரிப்பாகம் வரவில்லை. இரண்டு வாரம்.

கதவருகே நின்று திரும்பி,
இரவில் குழாயில் ஒரு நூல் கட்டிவிடுங்கள்,
தண்ணீர் அதைப் பிடித்துச் சத்தமில்லாமல் இறங்கும்,
கீழ்மாடியில் கைக்குழந்தை, என்றார்.

கட்டினேன்.
படம் எடுக்காத நேரங்களில்.