கல்லைச் சுத்தம் செய்யும் முறை

பெர்கமோவிலிருந்து ஒருத்தி எழுதியிருக்கிறாள்.
போன கோடையில் கப்பலில் வந்து
உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்லை
என்னிடம் வாங்கிப் போனவள்.
பௌர்ணமியில் வைக்க வேண்டுமா, உப்பு நீரிலா?
பிறர் பொறாமையை இது உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார்களே,
உறிஞ்சி உறிஞ்சி நிறைந்துவிட்டால்
எங்கே கொட்டுவது?

நல்ல கேள்வி.
நெய்ன் ஊரில் யாரும் இதைக் கேட்டதில்லை.

நான் தபேயா, குவாரியில் லோடர் ஓட்டுகிறவள்.
ஜூனில் பனி விட்டதும் படகேறிப் போவோம்.
வைரக் கம்பியால் மலையை ரொட்டிபோல் அறுத்து
உங்கள் நாட்டுக்குத்தான் அனுப்புகிறோம்.
அங்கே வங்கிக்குத் தரையாகிறது, சமையல் மேடையாகிறது.
உன் ஊர் வங்கியில்
எவர் பொறாமையாவது குறைந்ததா, எழுது.

பார்த்தால் ஈரக் கருங்கல், அவ்வளவே.
கொஞ்சம் சாய்த்தால்
உள்ளே எவரோ கதவைத் திறந்ததுபோல் நீலம்.
இன்னும் கொஞ்சம் சாய்த்தால்
கதவு சாத்திக்கொள்ளும்.
நீ மயில் கழுத்து என்றாய்.
மயிலை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன்.
எனக்கு அது
படகுத்துறைத் தேங்கலில் சிந்திய பெட்ரோல்.

உனக்குச் சொன்ன கதையை எல்லோருக்கும் சொல்கிறேன்,
கதைக்குத் தனி விலை இல்லை:
துருவ ஒளி ஒருகாலம் கரைப் பாறைக்குள் சிறைப்பட்டிருந்ததாம்.
ஒருவன் ஈட்டியால் குத்தினானாம்.
ஒளி பீறிட்டு வானேறியதாம்.
வெளியேற முடியாத கொஞ்சம்
கல்லிலேயே தங்கிவிட்டதாம்.
கப்பல்காரர்கள் இந்த இடத்தில் ‘ஆ’ என்பார்கள்.
நான் யோசிப்பது வேறு.
ஏன் நிறுத்தினான்?
கை வலித்ததா, முனை மழுங்கியதா,
வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்களா?
உள்ளே மிச்சமிருந்தவை
அவன் காலடி தூரமாவதைக் கேட்டிருக்குமே.

ரெனாத்துஸ் டிசம்பரில் விறகுக்குப் போனான்,
பனிவண்டியில், கடற்பனி மேல்.
ஒன்பது நாள் தேடினார்கள்.
பத்தாம் நாள் காற்று மாறியது, எரிபொருள் குறைந்தது.
போயாஸ் என் அடுப்பருகே உட்கார்ந்து
கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி,
ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான்.
அவன்மேல் எனக்குக் கோபமில்லை.
இதை எழுதும்போது மட்டும் இருக்கிறது.

இங்கே ஒரு விதி உண்டு.
வானத்தில் ஒளி ஆடும்போது சீட்டியடிக்கக் கூடாது.
அவர்கள் இறந்தவர்கள்,
வால்ரஸ் மண்டையோட்டை உதைத்து விளையாடுகிறவர்கள்.
சீட்டி கேட்டால் இறங்கி வருவார்கள்,
உன் தலையைப் பந்துக்குக் கேட்பார்கள்.
சிறுவயதில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவோம்.
ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களும் ஓடினோம்.

ஜனவரியில் ஒரு ராத்திரி
பனி விளிம்புவரை நடந்து போய்
நான் சீட்டியடித்தேன்.
அவன் நாயைக் கூப்பிடும் சீட்டி:
இரண்டு ஏறும், ஒன்று இறங்கும்.
உதடு வெடித்திருந்தது, பாதி வெறும் காற்று.
மேலே பச்சை ஒரு மடிப்பு நெளிந்தது,
கீழே வந்ததா தெரியாது.
வந்தது நாய்தான்.
ஊரிலிருந்து ஓடி வந்து என் முழங்காலில் முட்டி
சுற்றுமுற்றும் பார்த்தது.
அதனிடம் நான் பொய் சொல்லிவிட்டேன் என்று
அப்போதுதான் உறைத்தது.

சரி, உன் கேள்வி.
உப்பு நீர் வேண்டாம், மெருகு போகும்.
நிலவு உன் இஷ்டம்.
நாங்கள் டீசல் தொட்ட துணியால் துடைத்து
சோப்புப் போட்டுக் கழுவுவோம்.
என் வீட்டுக் கல்
கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.
காலை வெயில் ஏறும்போது
அடுப்பிலிருந்து திரும்பும் ஒரே ஓர் அடியில்
அது நீலமாகும்.
சில நாள் அந்த அடியைத் தவறவிடுகிறேன்.
சில நாள் அங்கேயே நிற்கிறேன்,
கெட்டில் சீட்டியடிக்கும்வரை.

நிறைந்தால் எங்கே கொட்டுவதென்று
உனக்குத் தெரியவந்தால் எனக்கும் எழுது.
காற்று விட்டால்
தபால் விமானம் வரும்.