இரவுப் பதிவு

அலென்காவுக்குப் பூனை ஆகாது.
நாய் ஆகாது, முயலும் ஆகாது.
தொட்டால் கண் வீங்கும், மூச்சு விசிலடிக்கும்.
ஆகவே ஆறு மாதத் தவணையில்
காலில்லாத, வாயில்லாத, வாலை மட்டும் ஆட்டுகிற
ஒரு வெள்ளை உருண்டை
ஒஸ்ட்ராவாவில் எங்கள் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்தது.

பெயர் வைத்தவள் அவள்தான்: க்னெட்லிக்.
ஆவியில் வெந்து குழம்பில் ஊறும்
எங்கள் ஊர் மாவுருண்டை.

ராதிம் சிரித்தான்.
"ரோபோ என்ற சொல்லே நம் மொழியில் பிறந்தது.
ரோபோட்டா என்றால்
பண்ணையாருக்குக் கூலியில்லாமல் மாரடிப்பது.
இது ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது.
வெட்டிப்பயலுக்கு ஆறு தவணையா!"
டிராம் ஓட்டுகிறவன்.
அவனுக்கு எல்லாம் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

வேலை இல்லைதான் அதற்கு.
தட்டு கழுவும் சத்தம் கேட்டால் வாலாட்டும்.
கதவு அறைந்தால் ஒரு தரம் நடுங்கும்.
சார்ஜ் இறங்கினால் தும்மும்.
முதல் வாரம் அலென்கா
இருமல் மருந்து புகட்டப் பார்த்தாள்.
வாய் இல்லாததால் பிழைத்தது.
கம்பளத்தில் சிவப்புக் கறை இன்னும் இருக்கிறது.

ஞாயிறுதோறும் என் கைபேசிக்கு ஓர் அறிக்கை:
இந்த வாரம் உங்கள் செல்லம்
இத்தனை முறை தடவப்பட்டது,
இத்தனை நேரம் மடியில் இருந்தது.
மளிகைக் கடைச் சிட்டை மாதிரி.
நான் திறப்பதே இல்லை.

ஜன்னலில் பனி கட்டியிருந்த ஒரு ஞாயிறு,
மாவு உப்பட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது
சும்மா திறந்தேன்.
மாலை நான்கிலிருந்து ஆறு: அலென்கா.
ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம்: நான்.
(சரி, ஒப்புக்கொள்கிறேன்.)
அதிகாலை மூன்று பத்திலிருந்து
மூன்று ஐம்பத்திரண்டு வரை.
திங்கள். செவ்வாய். புதன்.
அவனுக்கு விடுமுறையான சனிக்கிழமையும்.

கோளாறு என்றுதான் நினைத்தேன்.
பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனேன்.
எட்டு வாரம் இருந்தது.
அதற்கு முந்தின வாரத்தில் இல்லை.

நவம்பரில், ஸ்வினோவ் நிறுத்தத்தில்,
ஒரு முதியவர் பார்க்காமல் தண்டவாளத்தில் இறங்கினார்.
இடுப்பெலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டார்.
ஓட்டுநர் மேல் தவறில்லை என்று தாள் வந்தது,
இரண்டு முத்திரையோடு.
அன்றிரவு சூப் குடித்தான்.
உப்பு குறைவு என்றான்.
"பிரேக் நன்றாகத்தான் பிடித்தது" என்றான்.
அதன்பிறகு எப்படி இருக்கிறாய் என்று எப்போது கேட்டாலும்
பிரேக்கைப் பற்றித்தான் சொல்கிறான்.

நாற்பத்திரண்டு நிமிடம்.
என் முதுகைத் தாண்டி
இருட்டில் வெறுங்காலோடு போய்
சார்ஜரிலிருந்து அதைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு
என்ன சொன்னான்?
ஒருவேளை ஒன்றுமே சொல்லவில்லையோ.
அதன் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் சூடு இருக்கும்.
எனக்கும் இருக்கிறது.
ஆனால் எனக்கு வாயும் இருக்கிறதே.

பொறாமைதான்,
ஒரு மாவுருண்டை மேல்.

அறிக்கையின் அடியில், பொடி எழுத்தில்:
இரவு நேரப் பதிவை நிறுத்தவா?
ஆம்.
பழைய பதிவுகளும் அழியும். நிச்சயமாகவா?
மாவுக் கை. திரையில் வெள்ளையாக
என் கட்டைவிரல் ரேகை.

திங்கள் மதியம் வேலை முடிந்து வந்தவன்
காலணியைக் கழற்றிக்கொண்டே
அதைக் காலால் ஒரு நெட்டு நெட்டினான்.
"இன்றும் வேலைக்குப் போகவில்லையா, சோம்பேறி?"
அது வாலாட்டியது.
நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் அலென்காவின் முறை என்றாலும்
படுக்கும் முன் சார்ஜர் போடுவது நான்தான்.
பச்சை விளக்கு வரும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.
மூன்று மணிக்கு
அது தும்மிவிடக் கூடாது.