தொண்ணூற்றிரண்டு சதுர அடி

அப்லியூ தெருவில், பழைய ரிமோட்டுகளும்
ஜோடி பிரிந்த இயர்போன்களும் குவிந்த மேசையில்
இரண்டு லென்ஸ் கிடந்தன.
ஒன்று பதினான்கு மில்லிமீட்டர், விலை கூடுதல்.
மற்றது எட்டு. மீன்கண்.
உள்ளே பூஞ்சை, ஒரு மயிரிழை வேர்விட்டிருந்தது.
இரண்டுக்கும் முன்கண்ணாடி துருத்தி நின்றது.
ஃபில்டர் மாட்ட முடியாது,
கீறினால் கீறியதுதான் என்றார் கடைக்கார சுங்.

எது வேண்டும் என்று கேட்கவில்லை.
யாருக்கு வேலை என்று கேட்டார்.
வீட்டுத் தரகருக்கு, என்றேன்.
பதினான்கை என் பக்கம் தள்ளினார்.
"இது கோட்டை நேராக வைத்துக்கொண்டே பொய் சொல்லும்.
அது கோட்டை வளைத்துவிட்டு
இருப்பதையெல்லாம் உளறிவிடும்.
தரகர்களுக்கு ஆகாது."

மீன்கண்ணையும் வாங்கினேன். ஏனென்று கேட்காதீர்கள்.
ஒரு வார மதியச் சாப்பாடு போயிற்று.

ஷாம் ஷுய் போ. ஆறாவது மாடி, லிஃப்ட் இல்லை.
ஒரு வீட்டை ஐந்தாக அரிந்ததில் மூன்றாவது துண்டு.
கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும்,
கட்டிலில் நீட்டினால் கால்
அரிசிக் குக்கரில் இடிக்கும்.
நான் கழிப்பறைக்குள் பின்வாங்கி நின்றேன்,
முதுகில் குழாய், ட்ரைபாடின் ஒரு கால் வாளிக்குள்.
மட்டக்குமிழ் நடுவில் வரும்வரை மூச்சை அடக்க வேண்டும்:
பதினான்கை ஒரு விரற்கடை அண்ணாந்து பிடித்தால் போதும்,
எதிரெதிர்ச் சுவர்கள்
ஒன்றையொன்று கும்பிடத் தொடங்கிவிடும்.

படம் எடுக்கும்போது ஆள் இருக்கக் கூடாது
என்று தரகர் கோக் சொல்லியிருந்தார்.
இரவெல்லாம் உணவகத்தில் தட்டு கழுவிவிட்டு
உறங்க வந்த மெய்-ஃபோங் எங்கே போவாள்?
கட்டிலின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.
ஓரத்தில் உட்காராதீர்கள் என்று சொல்லியிருக்கலாம்.
இந்த லென்ஸுக்கு ஓரத்தில் இருப்பவர்களை
இழுக்கத்தான் தெரியும்.

திரையைக் காட்டினேன்.
சப்பாத்தி மாவு தேய்த்ததுபோல் வெளிச்சம் பரவிய தரை,
தூரத்தில், மிகத் தூரத்தில், ஒரு ஜன்னல்.
வெகுநேரம் பார்த்தாள்.
"இந்த அறை எந்தத் தெரு?
வாடகை எவ்வளவு?
சொல்லேன், நான் மாறிக்கொள்கிறேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
பிறகு விளிம்பில் தன் தலையணை உறையைக் கண்டாள்,
அதன் பூக்கள் ஒவ்வொன்றும் பூசணி அளவு.
பக்கத்தில், தன்னுடையதே ஆன
ஒரு முழ நீள முழங்கை.
ஓ, என்றாள். அவ்வளவுதான்.

எட்டை மாட்டிக் கட்டிலின் நடுவே வைத்தேன்.
நூற்றெண்பது பாகை. ஒளிய இடமில்லை.
கேமராவுக்குப் பின்னால் நின்றால்
நீ இல்லை என்று ஆகிவிடாது.
கறுப்பின் நடுவே ஒரு வட்டம்,
கஞ்சிக் கிண்ணத்தில் அறையைக் கொட்டியதுபோல்:
மின்விசிறி, மச்சின் ஈரக்கறை,
உலராத சீருடை, வாளி, குக்கர்,
வில்லாக வளைந்த கதவு,
கீழ் விளிம்பில் என் செருப்பு, என் கால்விரல்கள்,
நடுவில் அவள் மூக்கு, அதன் பின்னால் அவள்.

இப்போது சிரித்தாள். இது என் அறைதான், என்றாள்.
தாய்ஷானில் இருக்கும் அக்காவுக்கு
நான்கு வருடமாகத் துறைமுகப் படங்களையே
அனுப்பிக்கொண்டிருக்கிறாளாம்.
இதை அனுப்பினாளா, தெரியாது.

மாலையில் கோக் கூப்பிட்டார்.
"நல்ல படம். ஓரத்தை மட்டும் வெட்டு,
ஏதோ கை தெரிகிறது."
வெட்டினேன். ஒரு முழங்கை அளவுக்கு அறை சிறுத்தது.
அதன் கீழே 'விசாலமானது' என்று எழுதி
நானூறு டாலர் ஏற்றிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை குவாய் சுங்கில் வேலை.
எழுபது சதுர அடி, கழிப்பறை வெளியே,
ஆகவே பின்வாங்கவும் வழியில்லை.
அப்லியூ தெருவில் மழை. மேசைமேல் பிளாஸ்டிக் விரித்திருந்தார் சுங்.
பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கிறதா, என்று கேட்டேன்.
என் முகத்தைப் பார்க்காமல்
மேசைக்கடியில் குனிந்தார்.