கட்டிலுக்குக் கீழே

புல்ஹெட் சிட்டியில் முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது.
யூனியன் கணவாய்க்கு நான்கு மைல் இருக்கையில்
இருநூற்றுப் பதினெட்டு.
வெளியே வெயில் நூற்றுப் பன்னிரண்டு.
உள்ளே ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பிவிட்டார் இவர்.
எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் நாமும் வாங்கிக்கொள்ளலாமாம்.
வாங்கிக்கொண்டோம்.
ஸ்டியரிங்கில் அவர் வியர்வை சொட்ட,
நான் மடியில் ஈரத்துண்டும்
கணக்கு நோட்டுமாக.

பெயரோ தணிகாசலம்.
முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை.
முள்ளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நோட்டில் இதுவரை:
மார்ச், தெர்மோஸ்டாட், நானூற்றுப் பத்து டாலர்.
ஏப்ரல், வாட்டர் பம்ப், கூலியோடு ஆயிரத்துச் சொச்சம்.
மே, ரேடியேட்டர் மூடி, பதினெட்டே டாலர்;
அதில்தான் அதிகம் நம்பிக்கை வைத்திருந்தோம்.
சமவெளியில் சமர்த்தாக ஓடும் வண்டி.
மேடு கண்டால் காய்ச்சல்.

கிங்மன் பட்டறையில் யெசேனியா
ரசீதுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"படுக்கையறை எங்கே?" என்றாள்.
எனக்குக் கூச்சமாகிவிட்டது; விரிப்பு மாற்றிப் பத்து நாள்.
மெத்தையைத் தூக்கினாள். பலகையைத் தூக்கினாள்.
இரண்டு வருஷமாக நாங்கள்
ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருந்ததன் கீழே
முந்நூற்று முப்பது குதிரைகளின்
ஒற்றைக் கறுத்த முதுகு.

கையில் சிறு துப்பாக்கி, அதிலிருந்து சிவப்புப் புள்ளி.
மேல் குழாயில் இருநூற்றுப் பத்து.
கீழ்க் குழாயில் இருநூற்று நான்கு.
"ஆறு டிகிரிதான் குறையுது.
தண்ணி நல்லா ஓடுது. காத்துதான் போகல."
வண்டியின் பின்னால் அழைத்துப்போய்
நோட்டில் ஒரு தாள் கிழிக்கச் சொன்னாள்.
ஏப்ரலைக் கிழித்தேன்.
விசிறி அடிக்கிற அடிக்கு அது பறந்திருக்க வேண்டும்.
ஓரம் மட்டும் சற்றே நடுங்கியது,
பேச வாயெடுத்து
மறுபடி மூடிக்கொண்டது மாதிரி.

வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் பளிச்.
உள்ளே, எஞ்சினைப் பார்த்த முகத்தில்,
கம்பளி.
எண்ணெயும் பாலைத்தூசியும் குழைந்து
வருஷக்கணக்கில் துடைக்காத சமையலறை ஜன்னல் வலை.
மேலே ஒரு ரப்பர் குழலைத் தொட்டுக் காட்டினாள்.
எஞ்சின் மூச்சுவிடும் குழல்.
அது எண்ணெய் ஆவியை ஊத,
விசிறி அதை வாரி ரேடியேட்டரில் அப்ப,
போகிற வருகிற தூசியெல்லாம் அங்கேயே தங்க,
அடைத்தது வேறு யாருமில்லை.
தன் மூச்சுதான்.

இவர் கேட்டுவிட்டு
பின் டயரின் பக்கத்தில் நெடுநேரம் குந்தியிருந்தார்.
ஆலையில் சீட்டுக் கிழித்த நாளில்கூட
அப்படி உட்காரவில்லை.

சோப்புக் கரைசல் தெளித்து, ஊறவிட்டு,
உள்ளிருந்து வெளியே, மெல்லிய தண்ணீரால்.
வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடுமாம்.
முதல் கழுவலில் கறுப்பு இறங்கியது.
இரண்டாவதில் கருப்பட்டிப் பாகு.
மூன்றாவதில் கடைத் தேநீர்.
மூச்சுக்குழலோடு ஐந்தடி ஹோஸ் சேர்த்து
விசிறிக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் விட்டாள்.
ஹோஸுக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே கீழே இறங்கி
அதே மேட்டில், அதே பகல் இரண்டு மணிக்கு ஏறினோம்.
இருநூறு.
இருநூற்று மூன்று.
கணவாய்ப் பலகையைத் தாண்டும்போதும் இருநூற்று மூன்று.
ஹீட்டரை யாரும் தொடவில்லை.
நான் எழுதவில்லை, அவர் சொல்லவில்லை;
சொன்னால் கண் பட்டுவிடும்.

அன்றிரவு மெத்தையெல்லாம் டீசல் வாசனை.
கீழே இரும்பு ஆறுகிற சத்தம்,
டிக், டிக், கொஞ்சம் விட்டு இன்னொரு டிக்.
"தூங்கிட்டியா?" என்றார்.
இல்லை என்றேன்.