எழுபத்திரண்டாம் வாரம்

மூன்று கேட்டிருந்தேன்.
டிரிகரோன் சந்தையின் வாகன நிறுத்தத்தில்
மழைக்கோட்டு ஒழுக நின்ற மெரெரித்
பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு
நான்கைக் கொடுத்தாள்.
"இது ஒன்று மிஞ்சிப்போச்சு,
தனியாத் திருப்பி அனுப்ப மனசில்லை."

வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குள்
நான்கு வெதுவெதுப்பு.
எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.
கார் முழுக்க நனைந்த கோணியின் வாடை.

எழுபத்திரண்டு வாரம் முட்டையிட்டவை.
எழுபத்துமூன்றில் லாரி வரும்.
நடுவே எப்படியோ ஒரு ஞாயிறு இருந்தது,
அன்று எனக்கு வேலை இல்லை.

இத்ரிஸ் கட்டிய கூண்டை
போனில் படமெடுத்து அனுப்பினேன்.
பெருமையோடுதான்.
பழைய கதவு, மிச்சத் தகரம், கடையில் வாங்கிய கோழி வலை.
மெரெரித் உடனே அழைத்தாள்:
"அந்த வலை கோழியை உள்ளே நிறுத்தும்.
நரிக்கு அது நூல்."
அன்றிரவே டார்ச் வெளிச்சத்தில்
பற்றவைத்த கம்பி வலையை அடித்தோம்,
மண்ணுக்கடியில் ஒரு முழம் வெளிப்பக்கம் மடித்துப் புதைத்தோம்.
இத்ரிஸின் கட்டைவிரல் இன்னும் கறுப்பு.

பெயர் வைக்காதே என்றான், செத்தால் அழுவாய்.
சரி, நம்பர் வைக்கலாமே என்றேன்.
இரவில் நான் உட்காரும் பெட்ரோல் பங்கில்
பம்புகள் நான்கு.
நான்காவது எப்போதும் பழுது,
தலையில் மஞ்சள் உறை மாட்டியிருக்கும்.
மிஞ்சிப்போன அந்தப் பெட்டைக்கு
கழுத்தில் ஒரு இறகு இல்லை,
கொண்டை வெளுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது.
நம்பரை நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு கெரைன்ட்
அதற்கு ஆரஞ்சுக் கம்பளியில் சட்டை பின்னி வந்தார்.
மெரெரித் மறுபடியும் போனில்:
"போடாதே. முளைக்கிற இறகுக்கு வழி விடு."
சட்டை இப்போது தேநீர்க் கெட்டிலுக்கு.

புல்லைக் கொடுத்தேன். பார்த்தன.
முட்டைக்கோஸைக் கட்டித் தொங்கவிட்டேன். பயந்தன.
அரைத்த மாவு மட்டும்தான் தீனி என்று தெரியும் அவற்றுக்கு.
சீய்க்கத் தெரியாத கோழியை
முதல் முறையாகப் பார்த்தேன்.
கோழியையே
முதல் முறையாகத்தான் பார்த்தேன் என்பது வேறு.

கோழி அடையும் நேரம் என்கிறார்கள்.
இவற்றுக்கு அந்தி தெரியாது;
சுவிட்சைத் தட்டினால் பகல், தட்டினால் இரவு
என்று வாழ்ந்தவை.
இருட்டியதும் நின்ற இடத்திலேயே குந்திக்கொள்ளும்,
மழையிலும்.
ஒவ்வொன்றாகத் தூக்கி
சாய்பலகை வழியே உள்ளே வைப்பேன்,
பிறகு வேலைக்கு ஓடுவேன்.
கல்லாவில் சில்லறை கொடுக்கும்போது
என் சட்டைக்கையில் ஒரு வெள்ளை இறகு.

பத்தொன்பதாம் நாள் காலை
வேலியோரம் நான்காம் நம்பர்
ஒரு பக்கமாய்ச் சரிந்து கிடந்தது.
ஒரு கால் வானத்தைப் பார்த்து உதைக்கிறது,
கண் பாதி மூடியிருக்கிறது,
சிறகு வெட்டி வெட்டி இழுக்கிறது.
வெறுங்காலோடு ஓடினேன்,
"இத்ரிஸ்! வலிப்பு! போகுது! போகுது!"
அவன் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்தான்.
குனிந்தோம்.
அது எழுந்தது,
உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது,
புழுதி முழுக்க எங்கள் மேல்.
குளித்திருக்கிறது.
யாரும் சொல்லித் தராமல்,
உலர்ந்த மண்ணில், தன் வாழ்வின் முதல் குளியல்.
திட்டினேன். நிறையத் திட்டினேன்.

கோழிப்பேனுக்கு இரவில் பார்க்க வேண்டும்:
கட்டையின் அடியில் வெள்ளைத் தாளைத் தேய்த்தால்
சிவப்புக் கோடு விழும்.
அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமைதான்
இரண்டாம் நம்பர்
முட்டைப்பெட்டியில் ஆறிப்போயிருந்ததைக் கண்டேன்.
அடியில் ஓடில்லாத ஒரு முட்டை,
நாக்குப் போல மெத்தென்று.
எட்டு வாரம் இருந்தது எங்களோடு.
இத்ரிஸ்தான் அழுதான்.

மறுநாள் இருட்டுகையில்
தூக்கி வைக்கப் போனேன்.
முற்றத்தில் ஒன்றையும் காணோம்.
நரி என்று நெஞ்சடைத்து மூடியைத் திறந்தால்
கட்டையில் மூன்று,
தாமாகவே ஏறி, தோளோடு தோளாக.
மூன்றுதான் கேட்டிருந்தேன் என்பது
அப்போது ஏனோ ஞாபகம் வந்தது.
எண்ணிப் பார்த்து, மறுபடி எண்ணி,
மூடியைச் சாத்தினேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.
கையைக் கழுவவில்லை.