முதல் பீரியட்

சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு
ஸ்டாஃப் ரூமில் ஐந்து பேர் உட்காருகிறோம்.
மேஜையின் ஒரு காலுக்கடியில் பழைய வினாத்தாள்.
தாராவியின் தகரங்கள் மேல் ஜூலை மழை,
பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

யோசனை மராத்தி எடுக்கும் வைஷாலி காம்ப்ளேயுடையது.
தமிழ் மீடியத்தில் பதினெட்டு வருஷம் இருந்து
எங்கள் சண்டைகளைத் தமிழிலேயே தீர்த்துவைப்பவர்.
"வாரத்துக்கு ஒரு பிள்ளை.
அவங்கவங்க பார்த்ததைச் சொல்லுங்க.
மார்க் வேண்டாம். பார்த்தது."

எனக்கு இஷ்டமில்லை. நான் கணக்கு.
சயானில் ரெண்டு இருபதை விட்டால்
கல்யாண்வரை ஒற்றைக்காலில் போகணும்.
அதோடு என் வகுப்பைப் பற்றி இன்னொருவர் பேசுவது
என் பீரோவை இன்னொருவர் திறப்பது மாதிரி.

முதல் வாரம் இசக்கிராணி. ஏழாவது, ஆ பிரிவு.
என் குறிப்பேட்டில் அவளுக்கு ஒரே வார்த்தை:
கவனமில்லை.
ஜூனில் எழுதியது. ஜூலைக்கு நேரே
மேற்படி என்று இரண்டு சின்னக் கோடு.

வைஷாலி சொன்னார், கடைசி பீரியடில்
கேள்வி முடியுமுன் எழுகிற கை அவளுடையதாம்.
வேறொரு இசக்கிராணியோ என்று
பதிவேட்டைப் புரட்டினேன்.
ஒருத்திதான்.

அறிவியல் ஜுலைஹா:
"படம் வரைவா. மூடி வைப்பா.
பார்க்காம மறுபடி வரைஞ்சு, திறந்து ஒத்துப் பார்ப்பா.
யாரும் சொல்லிக்கொடுக்கலை. நான்தான் அவகிட்டேருந்து
மத்த பிள்ளைகளுக்கு எடுத்துக்கிட்டேன்."

விளையாட்டு சுடலைமணி தொண்டையைச் செருமினார்,
பந்து தொலைந்த கணக்குச் சொல்கிறவர்போல.
"வலது கையில ஆவி பட்ட தழும்பு.
கோ-கோ ஆடுறப்போ பார்த்தேன்.
வீட்ல இட்லி யாவாரம். மூணு மணிக்கு அடுப்பு.
அப்பா அஞ்சரைக்குச் சைக்கிள்ல ஏத்திட்டுப் போனதும்
அத்தனை பாத்திரமும் இவ கழுவணும்."

ஏழே காலுக்குப் பிரார்த்தனை.
ஏழரைக்கு என் பின்னங்கள்.
மழை நின்றதா, எனக்குத்தான் கேட்கவில்லையா?
ஆளுக்கு நாலில் ஒன்று இருந்திருக்கிறது.
நான்தான் என்னுடையதை
சிவப்பு மையில் முழு எண்ணாக எழுதியிருந்தேன்.

தலைமை ஆசிரியர் ஞானசிகாமணி
சுவரில் ஒட்டிய நேர அட்டவணையைப் பார்த்தார்.
"வார்டு ஆபீஸுக்கு யார் பதில் சொல்றது?"
அதற்குள் ஜுலைஹா நகத்தால்
ஒரு ஓரத்தை உரித்தாயிற்று.

இப்போது ஏழு ஆ-வுக்கு முதலில் விளையாட்டு.
முடியாதவர்கள் மெத்தையில் படுக்கலாம்.
சுடலைமணி விசிலை வாயில் வைத்துக்கொண்டு
ஊதாமல் நிற்கிறார்.
நான் நான்காவது பீரியட்.
முதல் ஐந்து நிமிஷம் நோட்டுகள் மூடியிருக்கும்,
நேற்றையதை நினைவிலிருந்து எழுதுகிறார்கள்.
தப்பிருந்தால் இருக்கட்டும்.
ஜுலைஹாவிடம் நான் திருடியது,
இசக்கிராணியிடம் அவர் திருடியது.
உடைமைக்காரிக்கு இன்னும் தெரியாது.
போன வாரம் என் பலகையில் ஒரு தவறைக் காட்டினாள்,
உட்கார்ந்தபடியே, கொஞ்சம் எரிச்சலோடு.

மூன்றாம் வாரத்துப் பிள்ளை செல்வின்.
நாலு பேர் சொன்னதையும் கூட்டினோம்,
விடை வரவில்லை.
ஆகஸ்டில் பெஞ்சில் அவன் இடம் காலி.
பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார்கள்.
வைஷாலி இரண்டு தடவை போய்வந்தார்.
திங்கட்கிழமை நானும் போகிறேன்,
என்ன சொல்வதென்று தெரியாமல்.

நேற்று சனிக்கிழமை. பட்டியலில் அடுத்த பெயரை வாசிக்காமல்
வைஷாலி நோட்டை மூடினார்.
"இந்த வாரம் பிள்ளை வேண்டாம்.
கணக்கு டீச்சர், பத்து நாளா
டிபன் டப்பாவைத் திறக்காம எடுத்துட்டுப் போறீங்க.
மார்க் இல்லை. பார்த்தது."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
சுடலைமணி எழுந்துபோய்
கத்திக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார்.
ரெண்டு இருபது போய்விட்டது.
அடுத்தது ரெண்டு நாற்பத்தெட்டு.
அதையும் விட்டேன்.