நான்காவது புள்ளி

நூற்று நாற்பது யூரோ.
கம்பு ரொட்டித் துண்டின் பருமனில் ஒரு பெட்டி,
ஐந்து வாட், நாற்பது மீட்டர், இருபது மீட்டர்,
அழுத்திப் பிடித்தால் தானே புள்ளி போடும் துடுப்புச் சாவி.
வாங்கிய அன்று ஃபெர்ரித் துறை முழுக்கக் காட்டினேன்.
டிக்கெட் கிழிக்கும் மாரே மட்டும் கேட்டாள்:
"கையில போன் இருக்கே, இது எதுக்கு?"

முதல் ஞாயிறு, தஹ்குனா முனை.
தூண்டில் வீசுகிற மாதிரி கம்பியைப் பைன் மரத்துக்கு மேலே வீசினேன்.
பாறையில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.
நார்வேயிலிருந்து ஒட்வார் வந்தான்,
மீன்தீவனக் கிடங்கில் இரவுக் காவல்.
என் பெயரை அடித்தேன், ஹெல்வே.
தீவின் பெயரை அடித்தேன், ஹீயுமா.
அவன் திருப்பி அடித்தான்:
ஸெல்வே, ஸீயுமா, சந்தித்ததில் மகிழ்ச்சி.

யார் இந்த ஸெல்வே?

மறுபடி அடித்தேன், மெதுவாக,
காது மந்தமானவரிடம் விலாசம் சொல்கிற மாதிரி.
ஹ என்றால் நான்கு புள்ளி.
என் காதுக்கு நான்கும் கேட்கிறது.
வானத்துக்குப் போவதோ மூன்று.
மூன்று புள்ளி என்றால் ஸ.
தராசில் நான்கு படி, பையில் மூன்று படி!

தயாரித்தவர்களுக்கு எழுதினேன்.
"அன்பு வாடிக்கையாளரே, பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டவும்."
கழற்றி மாட்டினேன்.
"அன்பு வாடிக்கையாளரே, வேறு கேபிள் முயலவும்."
எந்தக் கேபிள்?

குளிர்காலம் முழுக்க ஒட்வார் வந்தான்.
வரைபடத்தில் தேடினேன், ஸீயுமா இல்லை,
அவ்வளவு சின்னத் தீவா என்றான்.
சின்னதுதான் என்றேன்.
அலை இறங்கும் நேரம், ஐந்து வாட்டில்
ஃபர்ம்வேரின் கதையை எப்படிச் சொல்வது?
அப்புறம் அதுவே வசதியாகப் போயிற்று.
கார்களைக் கப்பலுக்குள் வரிசைகட்டி ஏற்றும் வேலை
எனக்குப் பிடிக்கவில்லை என்று
ஸெல்வேதான் அவனிடம் சொன்னாள்.
தம்பி மூன்று வருடமாகப் பேசாததையும் சொன்னாள்.
ஹெல்வே மாரேயிடம்கூடச் சொன்னதில்லை.

மார்ச்சில் அப்டேட் வந்தது, பதிப்பு 1.4.
விளக்கம் ஒரே வரி: சிறு மேம்பாடுகள்.
பழைய விண்டோஸில்தான் ஏறுமாம்,
மாரே மகனின் லேப்டாப்பைக் கடன் வாங்கினேன்.
எழுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது.
எழுபத்து மூன்று என்றால் எங்கள் பாஷையில்
வாழ்த்துகள், போய்வருகிறேன்.
போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.
நாற்பது நிமிடம் கழித்து மூச்சு வந்தது.

நான்காவது புள்ளி திரும்பிவிட்டது.
ஆனால் கிணறு வெட்டினால் ஒரு பூதமா கிளம்பும்?
குமிழை இடப்பக்கம் திருப்பினால்
அலைவரிசை வலப்பக்கம் ஓடுகிறது.
சத்தத்தைக் குறைத்தால் திரை மங்குகிறது.
சாகும் நொடிவரை பேட்டரி
நிறைந்திருக்கிறேன் நிறைந்திருக்கிறேன் என்கிறது.
தேதி எப்போதும் ஜனவரி ஒன்று, 1970.
நான் பிறக்கவே இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம்,
விரிகுடாவில் பனித்தட்டு பிளக்கிற சத்தம்.
சுத்தமாக அடித்தேன்: ஹெல்வே, ஹீயுமா.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு ஒட்வார்:
அழைப்புக்குறி அதேதான், ஆள் வேறா?
அக்காவா, தங்கையா?
ஸெல்வேவுக்கு உடம்பு சரியில்லையா?

விளக்க ஐந்து நிமிடம் வேண்டும்.
பேட்டரி நிறைந்திருக்கிறேன் என்கிறது,
அப்படியென்றால் ஐந்து நொடி இருக்கலாம்.
கையுறையைக் கழற்றினேன்.
துடுப்பை அழுத்தி, எண்ணி,
மூன்றில் விட்டேன்.
ஸெல்வே இங்கேதான் இருக்கிறாள்.

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.
முதல் எழுத்து பாதி வந்தது,
திரை அப்படியே உறைந்தது.

விறைத்த விரல்களால்
பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்,
அன்பு வாடிக்கையாளர்.